எலும்பு அறுவைக்கான கைடு: காரைக்குடிப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோட்டையூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு கணினிகளும் ஒரு 3டி பிரிண்டரும் இருக்கின்றன. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் டாக்டர்கள் சிடி ஸ்கேன் அனுப்புவார்கள். அதை வைத்து அந்த ஒரு நோயாளிக்கு மட்டும் பொருந்தும் வழிகாட்டி அச்சு ஒன்றை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. தொழிலில் இருப்பவர்கள் இதைக் கைடு என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பது, அறுவைக்குத் தேதி குறித்த வீட்டார் போனில் கேட்பது, பொறியியல் மாணவர்கள் நேரில் வந்து கேட்பது எல்லாம் இதில் கலந்து இருக்கும்.

கைடு என்றால் என்ன?

எலும்பின் மேல் கவிழ்ந்து உட்காரும் சின்னத் துண்டு. பெரும்பாலும் பிளாஸ்டிக், தீப்பெட்டி அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை இருக்கும். அடிப்பக்கம் அந்த நோயாளியின் எலும்பில் இருக்கும் மேடு பள்ளத்துக்கு நேர் எதிர் வடிவம். மேல்பக்கம் டிரில் போகத் துளைகளும் ரம்பம் போக இடுக்கும் இருக்கும். டாக்டர் அதை எலும்பின் மேல் வைத்து, மெல்லிய கம்பிகளால் நிறுத்தி, துளை வழியே துளைத்து, இடுக்கு வழியே அறுத்து, அப்புறம் எடுத்துவிடுவார். கைடு உடம்புக்குள் தங்காது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் ஆத்தங்குடிக் கல்லைச் சொல்லி விளக்குவேன். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறைக்கும் கலர்க் கலவையை ஊற்றுவார்கள். ஊற்றியதும் அச்சை நேராக மேலே தூக்கிவிட வேண்டும். பிறகுதான் காய்ந்த மணல் சிமெண்டும் அதன் மேல் கலவையும் போகும். தூக்கும்போது கை ஒரு நூல் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளில் கலந்துவிடும். கடைசியில் தரையில் அச்சு இருக்காது, அது காட்டிய கோடு மட்டும் இருக்கும். கைடும் அப்படித்தான். எலும்பில் கோட்டைப் போட்டுவிட்டு அது வெளியே வந்துவிடும்.

அனுபவமுள்ள டாக்டருக்கு இது எதற்கு? கண் பார்த்து வெட்டமாட்டாரா?

வெட்டுவார். காலங்காலமாக வெட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். சில அறுவைகளில் கண்ணுக்குத் தெரிவது போதாது என்பதுதான் சிக்கல்.

தோலைத் திறந்தால் அவருக்குத் தெரிவது நாலைந்து சென்டிமீட்டர் எலும்பு. சுற்றிலும் சதை, நரம்பு, ரத்தக்குழாய். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக முழுக் கையோ காலோ எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டும். எக்ஸ்ரே தட்டையான படம். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தால் இரண்டு திசை வளைவு தெரியும். எலும்பு தன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் அதை எக்ஸ்ரேயில் அளப்பது கடினம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 30 மி.மீ. அகலமுள்ள எலும்பில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து வளைவை நிமிர்த்தப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1 டிகிரி என்பது வெளி விளிம்பில் அரை மி.மீ. சுமார் 1 மி.மீ. கனமுள்ள, அதிர்ந்துகொண்டே இருக்கும் ரம்பத்தை ரத்தம் கசியும் இடத்தில் கையால் பிடித்து, இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் அந்த அரை மி.மீ.யைக் காப்பாற்ற வேண்டும். நல்ல கைக்காரருக்கும் அது பாரம்தான். முன்கூட்டியே யோசித்து முடித்த கணக்கை எலும்பின் மேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் கைடின் வேலை. யோசிப்பது டாக்டர். இதை ஒவ்வொரு வீட்டாரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் "கம்ப்யூட்டர் ஆபரேஷனா?" என்று கேட்டு அவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

எந்தெந்த அறுவைக்குப் பயன்படுகிறது?

கோணலாகக் கூடிய முழங்கை, மணிக்கட்டு, முன்னங்கை எலும்புகளை நிமிர்த்துவதற்கு. இடுப்பெலும்பில் கட்டி இருந்தால் அதை நல்ல எலும்போடு சேர்த்து அளவாக எடுப்பதற்கு. முதுகுத்தண்டு கோணிய நிலையில் ஸ்க்ரூ போடுவதற்கு. புற்றுநோயால் தாடை எடுக்கப்பட்டவர்களுக்குக் கால் எலும்பில் புதுத் தாடை கட்டுவதற்கு. பல் மருத்துவர்கள் இம்ப்ளாண்ட் வைக்கவும் இதே வகை அச்சைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த யோசனை ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சிடி ஸ்கேனை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல் 3டி அச்சுக்கான காப்புரிமையை 1986இல் வாங்கினார். 1990களில் ஜெர்மனியின் ஆகன் நகரில் கிளாஸ் ராடர்மாகர் குழுவினர், ஸ்கேனிலிருந்து எலும்பின் மேற்பரப்பை எடுத்து அதற்கு எதிர் அச்சு செய்து அறுவையில் வைத்துப் பார்த்தார்கள். மாடியறையில் வைக்கும் விலைக்குப் பிரிண்டர் வந்ததும் இலவச மென்பொருள் கிடைத்ததும்தான் பின்னால் வந்தவை.

ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாச்சு. ஃபிலிம் அனுப்பினால் போதுமா?

போதாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எத்தனையோ பேர் கோட்டையூருக்கும் மதுரைக்கும் இரண்டு தடவை அலைந்திருக்கிறார்கள். ஃபிலிம் என்பது பார்ப்பதற்கு. எனக்கு வேண்டியது ஸ்கேன் மெஷினின் மூலக் கோப்பு. டைகாம் என்று சொல்வார்கள், சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டால் தருவார்கள். ஃபிலிமைப் போனில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் அதிலிருந்து ஒரு மி.மீ.கூட அளக்க முடியாது.

எழுதிக்கொடுக்கும் டாக்டர்களுக்கு என் வேண்டுகோள்: சிடி உடம்பைக் குறுக்காகப் படத்துண்டுகளாக எடுக்கும், அந்தத் துண்டுக் கனம் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். 3 மி.மீ., 5 மி.மீ. துண்டுகளில் எலும்பு படிக்கட்டுப் படிக்கட்டாக வரும், அதன் மேல் கைடு பொருந்தாது. கை என்றால் இரண்டு கையையும் எடுக்கச் சொல்லுங்கள், நல்ல பக்கம்தான் எங்களுக்கு மாதிரி. மேல் மூட்டும் கீழ் மூட்டும் ஸ்கேனுக்குள் வர வேண்டும். எலும்பில் வைத்த பழைய உலோகப் பிளேட் உள்ளே இருந்தால் அதைச் சுற்றி வெள்ளைக் கீற்றுகள் அடித்து எலும்பின் விளிம்பு தெரியாமல் போகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றியும் கேட்கிறார்கள். இயற்கையாகவே ஒரு மனிதனுக்கு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. மணிக்கட்டு மாதிரி ஓரத்து உறுப்புகளுக்கான சிடி அதைவிடக் குறைவு. இடுப்பு ஸ்கேன் அதிகம், ஆகவே அங்கே தேவை பார்த்துத்தான் எழுதுவார்கள்.

ஸ்கேனிலிருந்து எலும்பை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்டு எண். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கெட்டியான எலும்பு 1000ஐத் தாண்டிப் போகும், உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு சில நூறுகளில் நிற்கும். இன்ன எண்ணுக்கு மேல் இருப்பதெல்லாம் எலும்பு என்று சொன்னால் மென்பொருள் பொறுக்கி எடுத்துவிடும். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். மருத்துவமனைகளிலும் பெரிய கம்பெனிகளிலும் மிமிக்ஸ் என்ற விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் வைத்திருப்பார்கள்.

கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பாதி நேரம் இங்கேதான் போகும். வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால் அந்த எண்ணில் சல்லடை மாதிரி ஓட்டை விழும். குழந்தைகளுக்கு எலும்பின் நுனி இன்னும் குருத்தாக இருக்கும், அது சிடியில் தெரியவே தெரியாது. மூட்டில் இரண்டு எலும்புகள் ஒட்டி நின்றால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்து ஒவ்வொரு படத்துண்டாகக் கையால் பிரிக்க வேண்டும். இதை அவசரப்படுத்தச் சொல்லி யாராவது கேட்டால் நான் முடியாது என்றே சொல்லிவிடுவேன்.

வடிவமைப்பில் எது ரொம்ப முக்கியம்?

உட்காரும் இடம். மாணவர்கள் எல்லோரும் வெட்டும் இடுக்கைத்தான் முதலில் வரைகிறார்கள். நான் அதைக் கடைசியில் வரைவேன். கைடு எலும்பின் மேல் ஒரே ஒரு விதத்தில்தான் உட்கார வேண்டும். இரண்டு விதமாக உட்கார வாய்ப்பிருந்தால் அது கைடே அல்ல.

எலும்பின் நடுத்தண்டு உருளை மாதிரி இருக்கும். அதன் மேல் எதை வைத்தாலும் வழுக்கும், சுற்றும். அதனால் மேடு, வரம்பு, பள்ளம் இருக்கும் இடத்தைத் தேடுவோம். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வரும் முன்னங்கை எலும்பான ஆர எலும்பின் முதுகுப்பக்கம் லிஸ்டர் மேடு என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் கைடு பூட்டுக்குள் சாவி மாதிரி நிற்கும். உள்ளங்கைப் பக்கம் எலும்பு கொஞ்சம் வழவழப்பு, அங்கே விளிம்பு வரை நீட்டிப் பிடிக்க வேண்டும். பரந்து பிடிக்க நினைத்தால் அவ்வளவு சதையையும் விலக்க வேண்டி வரும், குறுக்கினால் ஆடும். இந்த இழுபறியில்தான் டாக்டரோடு போனில் அதிக நேரம் போகிறது. "எந்தப் பக்கம் திறக்கிறீர்கள், எத்தனை சென்டிமீட்டர், எந்தச் சதையை ஒதுக்குவீர்கள்?" என்று கேட்காமல் நான் ஒரு கோடுகூட வரைவதில்லை.

எலும்பின் மேல் சவ்வு இருக்கும், மூட்டுப் பக்கம் குருத்தெலும்பு இருக்கும். சிடியில் இரண்டும் தெரியாது. குருத்தெலும்பின் மேல் கைடை உட்காரவைத்தால் அதன் கனம் அளவுக்குக் கைடு தூக்கி நிற்கும். அதனால் வெறும் எலும்பில்தான் உட்கார வைப்போம். சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு வைக்குமாறு குறிப்பும் எழுதி அனுப்புவேன். அச்சின் அடிப்பரப்பை எலும்புக்கு மிகச்சரியாகச் செய்தாலும் உட்காராது, மயிரிழை இடைவெளி விட வேண்டும். என் பிரிண்டருக்கு 0.2 மி.மீ. விட்டால் சரியாக வருகிறது. வேறு பிரிண்டருக்கு வேறு எண் வரும், அச்சிட்டுப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் கைடு எப்போதாவது பொருந்தாமல் போயிருக்கிறதா?

போயிருக்கிறது. ஆரம்பத்தில் மணிக்கட்டுக்குச் செய்த ஒன்று. ஸ்கேனிலிருந்து எடுத்த எலும்பின் மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மென்பொருளில் வழவழப்பாக்கும் வசதியை இரண்டு தடவை ஓட்டினேன். எலும்பு பளிங்கு மாதிரி வந்தது, அந்த அழகில் ஒரு சின்ன வரம்பு கரைந்து போனதை நான் கவனிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் அதை வைத்தபோது கால் ஒன்று குட்டையான முக்காலி மாதிரி ஆடியிருக்கிறது. அவர் ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டு அதை ஓரமாக வைத்துவிட்டார். எக்ஸ்ரே பார்த்துப் பார்த்துப் பழைய முறையில் செய்து முடித்தார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று ராத்திரி பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அந்த வரம்பில் 0.8 மி.மீ. காணோம். அன்றிலிருந்து வழவழப்பாக்கிய பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை வண்ணப்படமாகப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. எலும்பின் மாதிரியையும் கைடையும் சேர்த்தே அச்சிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையால் பொருத்திப் பார்க்கிறேன். தானாகப் போய் உட்கார்ந்து, விரலால் தட்டினால் ஆடாமல் நின்றால் மட்டும்தான் பார்சல்.

இந்தக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் ஆளிடம் மட்டுமே கைடு வாங்குங்கள் என்பது டாக்டர்களுக்கு நான் சொல்வது.

வெட்டும் இடுக்கும் துளையும் எப்படி அமைகின்றன?

ரம்பத் தகட்டின் கனம் தெரியாமல் இடுக்கு வரையக் கூடாது. எந்தக் கம்பெனி ரம்பம், எத்தனை மி.மீ. என்று கேட்டு வாங்குவேன். இடுக்கு தகட்டைவிட 0.3 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கின் ஆழம் 10 மி.மீ. என்றால் தகடு கிட்டத்தட்ட 1.7 டிகிரி சாயலாம். ஆழத்தை 20 மி.மீ. ஆக்கினால் அது பாதியாகிவிடும். ஆனால் அவ்வளவு உயரமான கைடு காயத்துக்குள் இறங்குமா, ரம்பத்தின் நீளம் எலும்பின் அடிவரை எட்டுமா என்று பார்க்க வேண்டும்.

டிரில் துளைக்குள் ஒரு உலோகக் குழல் செருகுவோம். இல்லாவிட்டால் டிரில் பிளாஸ்டிக்கைச் சீவித் தூளைக் காயத்துக்குள் தள்ளும். அப்புறம் சூடு. எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிஷம் நின்றால் அந்த இடம் செத்துப்போகத் தொடங்கும் என்று 1983இலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் காட்டினார்கள். கைடு மூடியிருப்பதால் வெட்டும் இடத்துக்குச் சலைன் தண்ணீர் போகாமல் போகலாம். அதனால் பக்கவாட்டில் ஜன்னல் விடுகிறேன். அதே ஜன்னல் வழியாகக் கைடு எலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று டாக்டர் கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம்.

நோயாளியின் எண், வலதா இடதா, எது மேல்பக்கம் என்ற அம்புக்குறி, இந்த மூன்றையும் கைடின் மேலேயே பொறித்துவிடுவேன். இதில் சோம்பல் படவே கூடாது. பிரிண்டருக்கு வடிவத்தைக் கொண்டுபோகும் எஸ்டிஎல் கோப்பில் அளவின் அலகு கிடையாது, மி.மீ. என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடம் வலம் புரண்டுவிடவும் கூடும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

தேவகோட்டைப் பக்கத்துப் பையன், 13 வயது. ஆறு வயதில் மதில் சுவரிலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டுக் கூடியும் விட்டது. ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. கையை நீட்டினால் முன்னங்கை உடம்பைப் பார்த்து உள்ளே வளையும். டாக்டர்கள் இதைத் துப்பாக்கிக் கட்டை வளைவு என்பார்கள். நம் எல்லோருக்கும் கையை நீட்டினால் முன்னங்கை கொஞ்சம் வெளியே போகும், அதனால்தான் வாளி தூக்கும்போது தொடையில் இடிக்காது. இவனுக்கு நல்ல கையில் அது வெளிப்பக்கம் 8 டிகிரி. கெட்ட கையில் உள்பக்கம் 18 டிகிரி. மொத்தம் 26 டிகிரியைத் திருப்ப வேண்டும்.

நல்ல கையின் எலும்பைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, வளைந்த எலும்பின் மேல் படரவிட்டோம். மேல் தண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போனது, கீழே வந்ததும் இரண்டும் பிரிந்தன. பிரியும் இடத்தில்தான் வெட்டு. வெளிப்பக்கம் அகலமும் உள்பக்கம் கூர்மையுமாக ஒரு ஆப்பு. எலும்பு அங்கே 30 மி.மீ. அகலம் இருந்தது, ஆகவே ஆப்பின் அகலம் சுமார் 14.6 மி.மீ. வந்தது. ரம்பம் தின்னும் கனத்தையும் அதில் கழிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியாத முறுக்கும் கொஞ்சம் இருந்தது. ஆப்பின் இரண்டு முகத்தையும் அதற்கேற்பச் சாய்த்தோம்.

டாக்டர் இரண்டு தடவை திருத்தம் சொன்னார். முதலாவது, வெட்டை நாலு மி.மீ. மேலே ஏற்றச் சொன்னார், பிளேட்டின் ஸ்க்ரூவுக்குக் கீழே இடம் வேண்டும். இரண்டாவது, உள்பக்கம் போகும் அல்நார் நரம்புப் பக்கம் ரம்பம் மீறிப் போகாதபடி இடுக்கின் முனையில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு எனக்குத் தோன்றவே இல்லை. கையில் கத்தி பிடிப்பவர் சொன்னால்தான் தெரியும்.

கட்டுப் போட்டாலே சரியாகிவிடாதா? புத்தூர்க் கட்டுக்குப் போகலாமா?

எங்கள் அப்பத்தாவே கட்டுப் போட்டுக் குணமானவர், ஆகவே நான் யாரையும் இழிவாகப் பேசமாட்டேன். விலகாத முறிவை அசையாமல் வைத்தால் எலும்பு தானாகவே கூடும். எந்தக் கட்டானாலும் அதற்கு உதவும். பிள்ளைகளின் முழங்கை முறிவு வேறு ரகம். நரம்பும் ரத்தக்குழாயும் அங்கே எலும்பை ஒட்டி ஓடுகின்றன. இறுக்கிக் கட்டி விரல் குளிர்ந்து வெளுத்துப்போனால் கையே வீணாகிவிடும். முழங்கை வீங்கியிருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அன்றே நேராக வைத்துவிட்டால் ஏழு வருஷம் கழித்து என் வேலைக்கு இடமே இருக்காது. அதைத்தான் நான் விரும்புகிறேன்.

தாடை அறுவையில் இது எப்படி உதவுகிறது?

புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் பழகிய நம் ஊர்களில் வாய்ப்புற்றுநோய் வராத தெரு இல்லை. தாடை எலும்பு வரை பரவினால் அந்தப் பகுதியை எடுத்தாக வேண்டும். எடுத்த இடத்துக்குக் கீழ்க்காலின் வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து வைப்பார்கள். 1989இல் அமெரிக்க டாக்டர் ஹிடால்கோ தாடைக்கு இப்படிச் செய்து காட்டினார். உடம்பின் எடையைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு, அதனால் ஃபிபுலாவை எடுக்கலாம். கணுக்கால் உறுதிக்காகக் கீழே 6, 7 செ.மீ. விட்டுவிட வேண்டும்.

ஃபிபுலா நேர் எலும்பு, தாடையோ வளைவு. அதனால் ஃபிபுலாவை இரண்டு மூன்று துண்டாகக் கோணம் வைத்து வெட்டி வளைக்க வேண்டும். எங்கள் தச்சர்கள் நிலைச்சட்டத்தின் மூலையைச் சாய்த்து அறுத்துச் சேர்ப்பது மாதிரி. இங்கே இரண்டு கைடு: தாடையில் எங்கே வெட்டுவது என்பதற்கு ஒன்று, காலில் எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதற்கு ஒன்று. இரண்டும் ஒரே கணக்கில் பிறந்தவை என்பதால் துண்டுகள் வந்ததும் இடைவெளி இல்லாமல் சேரும். ரத்த ஓட்டம் நின்ற எலும்பு வெளியே காத்திருக்கும் நேரம் குறைகிறது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மதிப்பு இருக்கும் அறுவை அது.

ஒரு எச்சரிக்கை. கட்டி வளரும். ஸ்கேன் எடுத்துப் பல வாரம் கழித்து அறுவை என்றால் கணினியில் போட்ட எல்லை பொய்யாகிவிடும். இந்த வகை வேலையை மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முடித்துக் கொடுப்பேன்.

எங்கள் அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை. கைடு வைத்துச் செய்தால் நல்லதா?

வழக்கமான முட்டித் தேய்மானம் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. கைடு வைத்ததால் நோயாளிக்கு வலி குறைந்தது, நடை மேம்பட்டது என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. பழைய முறிவால் தொடை எலும்பு வளைந்தோ, உள்ளே பழைய கம்பி இருந்தோ சாதாரண கருவி நுழையாத நிலை என்றால் அது வேறு. இந்தப் பதிலால் எனக்கு வேலை குறையும், ஆனாலும் கடன் வாங்கி அறுவை செய்யும் குடும்பத்திடம் தேவையில்லாத செலவைச் சொல்ல எனக்கு மனம் வராது.

எந்தப் பொருளில் அச்சிடுகிறீர்கள்? கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் போதுமா?

மாணவர்கள் எல்லோரும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் தொடங்குவார்கள். அது 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகும். அறுவைக் கருவிகளில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவின் நீராவி 121 அல்லது 134 டிகிரி. உள்ளே போன கைடு வெயிலில் வைத்த மெழுகு மாதிரி வளைந்து வரும். எலும்பு மாதிரியைக் கையில் வைத்துப் பார்க்க பிஎல்ஏ போதும், காயத்துக்குள் போகும் கைடுக்கு ஆகாது. நைலான் 12 தூளை லேசரால் உருக்கிச் செய்வது நம்பகமானது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று சான்று பெற்ற ரெசினிலும் (ஒளி பட்டால் இறுகும் திரவம்) செய்யலாம், ஆனால் கழுவுவதிலும் ஒளியில் பதப்படுத்துவதிலும் கம்பெனி சொன்ன நேரத்தைக் குறைக்கக் கூடாது. நைலானை வெளியே கொடுத்து அச்சடித்து வாங்குகிறேன், என் பிரிண்டரில் ரெசின் மட்டும். எதுவானாலும் ஒரு பிரதியை ஆட்டோகிளேவில் போட்டு எடுத்து, மறுபடி எலும்பு மாதிரியில் பொருத்திப் பார்த்த பிறகே அனுப்புவேன்.

யார் வேண்டுமானாலும் செய்து கொடுக்கலாமா?

கூடாது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளில் ஒரு நோயாளிக்காக மட்டும் செய்யப்படும் கருவிக்கு விளக்கம் இருக்கிறது. அந்தத் துறை டாக்டர் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அது அவர் பொறுப்பில், அந்த ஒரு நோயாளிக்கு மட்டும். எழுத்தில் வராத எந்த வேலையையும் நான் தொடுவதில்லை. இறுதி வடிவத்துக்கும் டாக்டரின் ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும்.

எத்தனை நாள் ஆகும்?

நல்ல ஸ்கேன் வந்தால் எனக்கு ஒரு வாரம். நாள் போவது டாக்டருக்கும் எனக்கும் நடக்கும் பேச்சில்தான், அதைக் குறைக்க நினைக்காதீர்கள். செலவு பொருளையும் சிக்கலையும் பொறுத்தது. காப்பீட்டில் வருமா என்று அறுவைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன். இதைக் கற்க எங்கே தொடங்குவது?

1952இல் அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு இதற்காக வெளியூர் ஓட வேண்டியதில்லை. 3டி ஸ்லைசரை இறக்கிக்கொள்ளுங்கள், அதிலேயே பழகுவதற்கு மாதிரி ஸ்கேன்கள் உண்டு. ஒரு எலும்பைப் பிரித்தெடுங்கள். அப்புறம் பிளெண்டர், ஃப்ரீகேடு என்ற இலவச வடிவமைப்பு மென்பொருள்களில் ஒன்றில் அதன் மேல் செங்கல் மாதிரி ஒரு வடிவத்தை வைத்து எலும்பைக் கழித்துப் பாருங்கள், எதிர் அச்சு கிடைக்கும். இது ஒரு மாதத்தில் வந்துவிடும்.

அடுத்து உடற்கூறு. கணினியை மூடிவிட்டுக் கசாப்புக் கடைக்குப் போய் ஒரு ஆட்டுத் தொடை எலும்பை முழுசாக வாங்கி வந்து, சதை எங்கே ஒட்டியிருக்கிறது, சவ்வு எப்படி உரிகிறது என்று கையால் பாருங்கள். நான் அப்படித்தான் படித்தேன். திரையில் சுத்தமாகச் சுழலும் எலும்பு உடம்பில் அப்படி இருக்காது என்று அன்றுதான் புரிந்தது. முடிந்தால் ஒரு அறுவையைத் தியேட்டரில் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.

அறுவை முடிந்த பிறகு கைடை வீட்டுக்குத் தருவார்களா?

தரமாட்டார்கள். ரத்தம் பட்ட பொருள், மருத்துவக் கழிவில்தான் போக வேண்டும். ஆனால் தியேட்டருக்குப் போகாத எலும்பு மாதிரி ஒன்று என்னிடம் இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவேன். தேவகோட்டைப் பையனின் முழங்கை மாதிரியை, வெட்டிய ஆப்பு தனியாகக் கழன்று வரும்படி அச்சிட்டுக் கொடுத்தேன். போன தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் அப்பத்தா வளவில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்தார். வந்திருந்த உறவுக்காரரிடம் ஆப்பைக் கழற்றிக் காட்டி, "இங்கனதான்ப்பா வெட்டுனாக, பாரு" என்று இரண்டு துண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். பையன் கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் முழங்கையைத்தான் நான் பார்த்தேன். வாளி தொடையில் இடிக்கவில்லை.